இரண்டாவது அடி

அந்த மிஷின் தாளை முகம் மேலே பார்க்கத்தான் வெளியே தள்ளும் என்று ஜெசிந்தாவுக்கு யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் மட்டும் வராமல் இருந்திருப்பாளா, வந்துதான் இருப்பாள், கருவேலம்பட்டியில் இருப்பது இந்த ஒரே ஜெராக்ஸ் கடை, திண்டுக்கல்லுக்குத் திரும்பிப் போய் அச்செடுத்து வர மூன்று மணி நேரம், அதற்குள் தங்கையாவின் மனைவி பரமேஸ்வரியம்மாள் தூங்கப் போய்விடுவார். காலையில் திண்டுக்கல்லில் எடுத்த கட்டு பைக்குள் சும்மா கிடக்கிறது. பஸ் செம்பட்டி தாண்டும்போது அந்தம்மாள் போன் செய்தார். ஏம்மா, எழுத்து எறும்பு மாதிரி இருந்தா எனக்குத் தெரியாது பாத்துக்க, கண்ணுல ஆபரேசன் பண்ணியிருக்கு, நல்லா மொச்சக்கொட்டை தண்டிக்கு இருக்கணும், நாளைக்கு நெனவு நாளுக்கு முன்னாடி நான் படிச்சு முடிச்சிரணும், நான் சரின்னாத்தான் புஸ்தகம். மொச்சக்கொட்டை என்றால் இருபது பாயிண்ட். நூற்றுத் தொண்ணூறு பக்கம் முந்நூற்றுப் பன்னிரண்டாகப் பெருத்துவிட்டது. ஒரு பக்கத்துக்குப் பதினைந்து வரி, கடைக்கு வெளியே செருப்பு மாட்டுகிறவன்கூட நின்ற இடத்திலிருந்து படித்துவிடலாம். பழைய கட்டில் தொண்ணூற்றாறாவது பக்கம் எது என்று அவளுக்குத் தெரியும், அந்தப் பக்கத்தின் ஓரம் மட்டும் பஸ்ஸில் வரும்வரை அவள் விரல் பட்டுப் பட்டுக் கசங்கியிருந்தது, ஆனால் தொண்ணூற்றாறு இப்போது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, நூற்றைம்பதா, நூற்று அறுபதா, பெருத்த எழுத்துகளுக்குள் அது எந்த இடத்தில் எழுந்திருக்கும் என்று கணக்குப் போடத் தெரியவில்லை. பதினாறு வருஷம் இங்கிலாந்தில் லெஸ்டர் நூலகத்தில் மற்றவர்கள் எழுதிய வாழ்க்கைகளுக்கு எண் ஒட்டி அலமாரியில் நிற்க வைத்தவள். தான் எழுதிய ஒரே வாழ்க்கையில் ஒரு பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் பிளாஸ்டிக் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறாள். மிஷின் ஒரு தாளை இழுத்தது, யோசித்தது, தள்ளியது. பதினொன்று. ‘தங்கையா பிறந்த வீட்டுக்கு அன்று கதவு கிடையாது.’ மொச்சக்கொட்டை எழுத்தில் அந்த வரி, தான் எழுதியதைப் போலவே இல்லை, யாரோ தெருவில் நின்று கூவியதைப் போல இருந்தது.

கடைக்காரர் தெய்வேந்திரனுக்கு நாற்பது வயசு இருக்கும். மவுஸைத் தொடாமலே விசைப்பலகையில் எல்லாம் செய்கிற கை, பேச்சு குறைவு. அவர் தலைக்கு மேலே சுவரில் தவுடு தங்கையாவின் படம். தவுடு என்பது முதல் நாடகத்தில் தவிட்டு மூட்டை சுமந்துகொண்டு மேடைக்கு வந்து வாயைத் திறக்காமலே அரைமணி நேரம் சிரிக்க வைத்ததால் வந்த பெயர், பிறகு நூற்று நாற்பது சினிமாவில் நடித்தும் போகாத பெயர். படத்துக்குப் பிளாஸ்டிக் மாலை, மாலைக்கு மேல் நிஜ மாலை. பக்கத்திலேயே ஒரு பழைய கறுப்பு வெள்ளைக் குழுப்படம், நாடகக்காரர்கள் மேடையில் வரிசையாக நிற்கிறார்கள், சட்டம் சிறியது என்பதால் இடது ஓரத்தில் ஒரு ஆள் பாதியோடு நின்றுபோய், ஒரு முழங்கையும் அதன்கீழ் ஒரு மத்தளத்தின் வாயும் மட்டும் தெரிகிறது. இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் தெய்வேந்திரனின் போன் அடித்தது. அடித்தது என்றால் மணி இல்லை. சட்டியில சோறு இருக்காடி? சட்டி இருக்கு மாமா. பளார். ஏண்டி, சோறு இருக்கான்னு கேட்டேன்! அதான் மாமா, சட்டி இருக்கு. பளார். பிறகு கடல் மாதிரி ஒரு சிரிப்பு, சிரிப்புக்குள்ளிருந்து யாரோ ஒன்ஸ்மோர் என்று கத்துவது, இன்னொரு பளார். தெய்வேந்திரன் எடுத்து, அரைமணி ஆகும்ணே, ப்ளெக்ஸ் காஞ்சுக்கிட்டிருக்கு, என்று சொல்லி வைத்தார். ப்ளெக்ஸுக்காகக் காத்திருந்த ஒச்சு தொடையில் தட்டிச் சிரித்தான். ஆயிரம் தடவை கேட்டிருப்பான், ஆயிரத்தோராவது தடவையும் வயிறு குலுங்கியது. நற்பணி மன்றத் தலைவன், ஐம்பது வயசு, வெள்ளை வேட்டி, சட்டைப்பையில் தங்கையா படம் போட்ட பேட்ஜ். ‘எடுக்காத மாப்ள, முழுசா ஓடட்டும்னு எத்தன தடவ சொல்றேன். அண்ணன் அடிக்கிற நேரத்துல கட் பண்ற, பாவம்டா உனக்கு.’ தெய்வேந்திரன் சிரிக்கவில்லை. ‘கஸ்டமர் கூப்புடுறாங்க மாமா.’ ‘கஸ்டமர் எங்க போயிருவான், அடிதான போயிருச்சு.’ ஜெசிந்தாவுக்கும் வாய் ஓரம் இழுத்தது. அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை, எல்லாம் தெரிந்த பிறகும் உதடு பழக்கத்தில் இழுப்பதை.

ஏனென்றால் அந்தக் கேசட் அவள் வீட்டிலும் ஓடியது. எண்பத்து நாலாம் வருஷம் ஏதோ ஒரு ஊர்த் திருவிழா நாடகத்தில் பதிந்தது, பஸ்ஸில், டீக்கடையில், கல்யாண வீட்டில், அப்பாவின் தையல் கடையில், தைக்கிற மிஷின் சத்தத்துக்கும் மேலே, சட்டி இருக்கு மாமா. அவளுக்கு ஏழு வயசு. கடைக்குப் பின்னால் துணித் துண்டுகளைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு அவள்தான் தங்கையா, தம்பி ஆரோக்கியம்தான் அந்த அடி வாங்குகிற இந்திராணி, பாவாடை கட்டிவிடுவாள், அவன் சட்டி இருக்கு மாமா என்று மழலையில் சொல்லுவான், இவள் அடிப்பாள். முதலில் பொய்யாகத்தான். அப்பாவும் காஜா எடுக்கிற அக்காக்களும் சிரித்தார்கள். சிரித்ததும் கை தானாக இன்னும் கொஞ்சம் உரக்கப் போனது, தம்பியின் கன்னம் சிவந்து அவன் அழ வாயைக் கோணினதும் சிரிப்பு இன்னும் பெரிதாயிற்று, அந்தச் சிரிப்பின் சூடு, எல்லோருடைய முகமும் தன் பக்கம் திரும்பியிருந்த அந்த ஒரு கணம், அது இப்போதும் உள்ளங்கையில் இருக்கிறது. தம்பி இப்போது தோகாவில் இருக்கிறான், கேட்டால் நினைவில்லை என்கிறான். நினைவில்லையா, இல்லை என்று சொல்லிவிட்டானா. லெஸ்டரில் முதல் குளிர்காலத்தில் ஜன்னலுக்கு வெளியே நாலு மணிக்கே இருட்டிப்போகும்போது இதே ஒலிநாடாவைத் தேடிப் போட்டுக் கேட்டு, தனியாக, அறைக்குள், கண்ணீர் வரச் சிரித்தவளும் அவள்தான். அந்த மனிதர் அவளைக் காப்பாற்றியிருக்கிறார், அது பொய்யில்லை. புற்றுநோய் வந்த ஒளியமைப்பாளரை ஆறு மாசம் தன் வீட்டில் வைத்துப் பார்த்தார், அது பொய்யில்லை. நாடகக்காரன் எவன் செத்தாலும் படப்பிடிப்பை விட்டுவிட்டு வந்து பாடைக்குத் தோள் கொடுத்தார், பதினேழு பேருடைய பிள்ளைகள் அவளிடம் சொன்னார்கள், பதினேழும் பொய்யில்லை. அவற்றை எழுதும்போது அவள் அழுதாள். எல்லாம் நிஜம் என்பதுதான் கழுத்தைப் பிடித்தது. பொய்யான நல்லவராக இருந்திருந்தால் எழுதுவது எத்தனை லேசு.

முப்பத்தெட்டு. நாற்பது. மிஷின் மூச்சு விட்டது. ஒச்சு எழுந்து வந்து தாள்களுக்கு மேலே குனிந்தான், இடுப்பில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, சுவரொட்டி படிக்கிறவனைப் போல. ‘அண்ணனப் பத்தித்தான எழுதியிருக்கீங்க? அடடா, இங்க பாரு மாப்ள, பாலத்துல லாரி கவுந்தப்ப அண்ணன் கார்ல தூக்கிப் போட்டுக்கிட்டுப் போனதெல்லாம் இருக்கு. ரத்தம் பூரா சீட்டுல. கழுவவே விடலயே அண்ணன்.’ ‘படிச்சுப் பாருங்கண்ணே,’ என்றாள் ஜெசிந்தா, வேறு என்ன சொல்வது. ‘என்னத்தப் படிக்க, நமக்குத் தெரியாததா. ஆனா நல்லா எழுதுங்கக்கா. போன வருசம் ஒருத்தன் யூட்யூப்ல ஒளறுனான், அண்ணன் குடிப்பாரு, புள்ளைங்கள வையுவாருன்னு. நம்மூர்க்காரன்தான்.’ ‘என்ன செஞ்சீங்க?’ ‘ஒண்ணுமே செய்யலக்கா. சத்தியமா தொடக்கூட இல்ல. நாப்பது பேரு போனோம், அவன் வீட்டு வாசல்ல உக்காந்தோம், கேசட்டப் போட்டோம். சட்டி இருக்கு மாமா. ரெண்டு நாளு, விடாம. அவன் பொஞ்சாதி கதவத் தொறந்து கையெடுத்துக் கும்புட்டுச்சு. மூணாம் நாளு வீட்டப் பூட்டிட்டுப் போய்ட்டாங்க.’ சொல்லிவிட்டு அவன் சிரித்தான், அவளும் சிரிக்க வேண்டும் என்று காத்திருக்கிற சிரிப்பு. அவள் சிரித்தாள். திண்டுக்கல்லில் அவள் வீட்டுக்கு வாசல் அகலம்தான், நாற்பது பேர் தாராளமாக உட்காரலாம்.

சமநிலை வேணும் மேடம், என்பார் சென்னையிலிருக்கிற பதிப்பாளர், தினமும் ஒரு தடவை, அந்தச் சொல்லை ஒரு மாத்திரையைப் போல எடுத்து வைப்பார். அவளுக்கும் அந்தச் சொல் பிடிக்கும். இரண்டு மொழியில் படித்தவளுக்கு ஒரு சௌகரியம் உண்டு, சுடுகிறதை முதலில் ஆங்கிலத்தில் எழுதிவிடலாம், ஆங்கிலத்தில் அந்த ஆள் யாரோ ஒருவர், அவர் கை யாரோ ஒருவருடைய கை. தமிழில் திருப்பி எழுத உட்காரும்போது அவர் மாமா ஆகிவிடுகிறார். அப்போது ஒரு வரி தாழ்ந்தால் அடுத்த வரியை உயர்த்தி, ஒரு குற்றத்துக்கு ஒரு தர்மத்தைப் பக்கத்தில் உட்கார வைத்து, தராசுத் தட்டு ஆடாமல் நிற்கும்வரை, நிற்கும்வரை. இந்திராணியம்மாளைப் பார்க்க மணப்பாறைப் பக்கம் போன அன்று அவள் தெரியாமல் அவருக்கு இடது பக்கம் போய் உட்கார்ந்துவிட்டாள். ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாள். பதில் இல்லை. பிறகு அந்தம்மாளே திரும்பிப் பார்த்து, இங்கிட்டு வா கண்ணு, அந்தக் காது எண்பத்து நாலுலயே போயிருச்சு, என்றார். அறுபத்து மூன்று வயசு, நெற்றி நிறையக் குங்குமம், கையில் உரித்துக்கொண்டிருந்த பூண்டு. நாடகத்துல அடி எப்படி விழும் தெரியுமா உனக்கு? பபூன் கையை ஓங்குவாரு, கன்னத்துக்கு ஒரு சாண் முன்னாடி நிறுத்திருவாரு, அந்த நேரம் பாத்து ஆல்ரவுண்டு வாசிக்கிறவரு போடுவாரு ஒரு தட்டு. மத்தளம், டோலக், ஜால்ரா, குதிரை ஓடுற சத்தம், அடி எல்லாம் ஒத்த ஆளு வாசிக்கிறதுதான் ஆல்ரவுண்டு. நான் தலையத் திருப்பணும். மூணு பேரும் ஒண்ணாச் சேர்ந்தாத்தான் ஒரு அடி. அன்னைக்கி சட்டி இருக்கு மாமான்னு நானாத்தான் சொன்னேன். ஒத்திகையா பாக்குறோம், மேடையில வாய்க்கு வந்ததுதான. சனம் அப்பிடிச் சிரிச்சுச்சு. எனக்குச் சிரிச்சுச்சு. அவருக்கு இல்ல. அவரு மூஞ்சியப் பாத்தேன் கண்ணு. மொத அடி ஆல்ரவுண்டு. பின்னாடி ரெண்டும் என் காது.

பூண்டுத் தோல் காற்றில் பறந்தது. நல்லவர்னும் எழுது, என்றார். எனக்கு வளைகாப்புக்கு அவருதான் தாய்மாமனா வந்து நின்னாரு, அதையும் எழுது. ஆனா அந்தக் கேசட் இருக்குல்ல. பஸ்ஸுல போட்டா நான் நடுவழியில எறங்கிருவேன். நாப்பது வருசமா ஊரு பூரா என்னைய அடிச்சுக்கிட்டு இருக்கு. இத எழுதுவியா நீ? எழுதுவேம்மா, என்றாள் ஜெசிந்தா, வலது காதுக்குள் கேட்கும்படி. எழுதவும் செய்தாள். அன்றிரவே ஹெட்போனை மாட்டி அந்த மூன்று சத்தத்தையும் திரும்பத் திரும்பக் கேட்டாள், முதலாவதுக்கு அடியில் தோல் அதிர்கிற ஒரு கும்மென்ற வால் இருக்கிறது, மற்ற இரண்டுக்கும் வால் இல்லை, மொட்டையாக முடிகின்றன. அதை எழுதினாள். பதிப்பாளர் அழைத்தார். ரெண்டு, மூணு, வால் அதெல்லாம் வேண்டாம் மேடம், நிரூபிக்க முடியுமா, ஆல்ரவுண்டு வாசிச்சவரு யாரு, அவரு சொல்லுவாரா? அவள் தேடினாள். கருவேலம்பட்டிக் குழுதான் அது, இந்த ஊர்க்காரர்தான், ஆனால் ஐந்து பேரைக் கேட்டால் ஐந்து பெயர் வந்தது, மூன்று பேர் செத்தவர்கள், ஒருவர் அந்த வருஷம் பிறக்கவே இல்லை. ஒரு ஊரே சேர்ந்து ஒரு பெயரை மறக்க முடியுமா, முடியாது, மறைக்கத்தான் முடியும் என்று அப்போது தோன்றியது, தோன்றியதை விட்டுவிட்டாள். கடைசியில் பக்கத்தில் நின்றது இதுதான்: ‘அன்று தங்கையா தன்னை நிஜமாகவே அறைந்தார் என்றும் அதனால் ஒரு காது கேட்காமல் போனது என்றும் இந்திராணி கூறுகிறார். இதற்கு வேறு சான்று எதுவும் இல்லை.’ உடனே அடுத்த வரியில் வளைகாப்பு. தட்டு ஆடவில்லை. அந்த வரியை எழுதி முடித்ததும் ஒரு நிம்மதி வந்ததே, அது நியாயத்தின் நிம்மதியா, வாசல் காலியாக இருக்கிறது என்கிற நிம்மதியா.

மிஷின் நின்றுவிட்டது. தாள் தீர்ந்திருந்தது. தெய்வேந்திரன் புதுக்கட்டைப் பிரித்து, விசிறி, தட்டி, உள்ளே வைத்தார். நூற்று நாற்பத்தெட்டு. போய்விடலாமா, மீதி வேண்டாம், அந்தம்மாளுக்கு இவ்வளவு போதும் என்று சொல்லி எழுந்துவிடலாமா, அந்தப் பக்கத்தை மட்டும் பிறகு, சென்னையில், ஆனால் படிக்காத பக்கம் அச்சில் வந்தால் பரமேஸ்வரியம்மாள் என்ன சொல்வார், ஏமாத்துனவ என்பார், சரியாகத்தானே சொல்வார். ஒச்சுவின் ப்ளெக்ஸ் காய்ந்துவிட்டது. ஆள் உயரத் தங்கையா, கை ஓங்கிய கோலத்தில், கீழே மூங்கில் சட்டம். அதைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற டாட்டா ஏஸை நோக்கி அவன் இறங்கினான், இன்னும் நாலு இருக்கு மாப்ள, வர்றேன். நூற்று ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு. தாளின் மேல்விளிம்பு எட்டிப் பார்த்தபோதே அவளுக்குத் தெரிந்துவிட்டது, பெரிய எழுத்தில் இந்திராணி என்கிற பெயர் தலையை முதலில் நீட்டிக்கொண்டு வந்தது. எழுந்து கையை வைத்து மூடிவிடலாம். எழவில்லை. தெய்வேந்திரன் அடுக்கைத் தட்டிச் சமன்செய்யக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றார். படிக்கிறவரின் முதுகு எப்படி இருக்கும் என்று அவளுக்கு நூலகத்திலிருந்தே தெரியும். அடுத்த பக்கம் வந்து அதன்மேல் விழப் போனது, அவர் ஒற்றை விரலால் நிறுத்தும் பொத்தானை அழுத்தினார்.

‘அக்கா,’ என்றார், திரும்பாமல். ‘இது நெசமா?’

இதற்குத்தான் அவள் வருஷக்கணக்காக வாக்கியம் தயாரித்து வைத்திருந்தாள். ‘அந்தம்மா அப்படிச் சொல்றாங்க தம்பி.’ ‘அவங்க சொல்றாங்க, படிச்சுட்டேன். நீங்க என்ன சொல்றீங்க?’ வாசலில் டாட்டா ஏஸின் கதவு விழுகிற சத்தம். ஒச்சு யாரையோ, டேய் அண்ணன் மூக்கு மடங்குது பாரு, என்று அதட்டினான். சமநிலை. நாற்பது பேர். பூண்டுத் தோல். ‘சான்று கிடைக்கல,’ என்றாள், அதைச் சொல்லும்போதே அது எத்தனை அழுக்கான வாக்கியம் என்று அவள் காதுக்கே கேட்டது. தெய்வேந்திரன் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். தங்கையாவை அல்ல. குழுப்படத்தின் இடது ஓரத்தை, சட்டத்துக்கு வெளியே போய்விட்ட ஆளின் முழங்கையை. ‘அது எங்கப்பா. அந்தக் கேசட்ட எங்க போட்டாலும் துண்ட ஒதறிட்டு எந்திரிச்சுப் போயிருவாரு. இவரப் புகழுறாங்கன்னு பொறாமைன்னு நெனச்சோம். நாங்கூடத் திட்டியிருக்கேன். சாகுறதுக்கு முந்தின வாரம் படுக்கையில கெடந்து, டேய், அந்த ரெண்டு அடி என்னுது இல்லடா, நான் கைய எடுத்துட்டேன்டா, அப்பறமும் சத்தம் வந்துச்சுடான்னாரு. காச்சல்ல ஒளறுறாருன்னு தண்ணியக் குடுத்துப் படுக்க வச்சேன்.’

ரெண்டு. அவள் பக்கத்தில் ரெண்டு என்று எங்கேயும் இல்லை. பதிப்பாளர் வெட்டிய ரெண்டு. மணப்பாறைப் பக்கத்து ஒரு வீட்டிலும் இந்தக் கடைக்குப் பின்னால் ஒரு படுக்கையிலும் மட்டும் இருந்த ரெண்டு. சந்தோஷம் இல்லை, சான்று கிடைத்தால் சந்தோஷம் வரும் என்று இத்தனை நாள் நினைத்தது தப்பு. கிடைத்த பிறகு ஒதுங்க இடமில்லை, அவ்வளவுதான். ‘ஊருல கேட்டேனே தம்பி, யாருமே உங்கப்பா பேரச் சொல்லலயே.’ ‘சொல்ல மாட்டாங்க. அதுக்கப்பறம் அண்ணன் குழுவுல அவரு வாசிக்கல. கூப்புடல.’ அவர் கழுத்தைத் தடவிக்கொண்டார். ‘இந்த ரிங்டோன் நாலு வருசமா வச்சிருக்கேங்க்கா. இல்லன்னா மாமா கேப்பாரு, ஏன் வைக்கலன்னு.’

அவள் எழுந்து கம்ப்யூட்டர் முன்னால் போய் நின்றாள். ‘அந்தப் பக்கத்தத் திறங்க. அந்தச் சான்று வரிய எடுத்துருவோம்.’ வேறு சான்று எதுவும் இல்லை என்பதை அவள் எழுத்தெழுத்தாக அழித்தாள், பின்னால் இழுத்து இழுத்து, ஒவ்வொரு எழுத்தும் போகும்போது வளைகாப்பு ஒரு இடம் மேலே ஏறி வந்தது. முதல் அடி மட்டுமே வாத்தியம், பின்னால் விழுந்த இரண்டும் அல்ல என்று ஆல்ரவுண்டு வாசித்தவர் தன் மகனிடம் சொல்லியிருக்கிறார், என்று அடித்தாள். ‘பேரு வேண்டாம் தம்பி. நாளைக்கு நீங்க இங்க கடை திறக்கணும்.’ தெய்வேந்திரன் அவளைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார், ஒச்சு இரண்டாவது ப்ளெக்ஸுக்காகத் திரும்பி வந்துகொண்டிருந்தான், வெயிலில் வேட்டி கண்ணைக் கூச வைத்தது. தினமும் நூறு பேருடைய பெயரை அடிக்கிற கை, கல்யாணப் பத்திரிகை, கருமாதிப் பத்திரிகை, ரேஷன் விண்ணப்பம், அந்தக் கை அவள் தோளுக்குக் குறுக்கே நீண்டு, மவுஸைத் தொடாமல், ஒரே ஓட்டத்தில் நாலு எழுத்தை அடித்தது. மாயழகு. அடித்துவிட்டு அச்சுக்கான விசையை அவரே அழுத்தினார்.

மிஷின் தாளை இழுத்தது. யோசித்தது. மேசைமேல் கிடந்த போன் சிணுங்கி நகர்ந்தது, சட்டியில சோறு இருக்காடி, தெய்வேந்திரன் எடுக்கக் கை நீட்டவில்லை, ஜெசிந்தாவும் எடுக்கவில்லை, சட்டி இருக்கு மாமா, ஒச்சு வாசற்படியில் கால் வைத்தவன் முகமெல்லாம் மலர்ந்து, ‘அப்பிடி விடு மாப்ள, இன்னைக்காவது முழுசா ஓடட்டும்,’ என்றபடி மேலே ஏறி வந்தான், தாள் மேல்விளிம்பைக் காட்டி, வரி வரியாக, முகம் மேலே பார்க்க வெளியே வந்துகொண்டிருந்தது, அவன் கண் அதன்மேல் போய் நின்றது, சிரிப்பு இன்னும் இறங்காத முகத்தோடு ஒச்சு அதைப் படிக்கக் குனிந்தபோது முதல் அடி விழுந்தது. அது மாயழகு.